கரைவாகில் நாலு தந்தி

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு இருக்கிறது. 1892இல் அங்கே பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்து, பின்னாளில் துறவு பூண்ட சுவாமி விபுலானந்தர் 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். பழந்தமிழர் மீட்டி, பிறகு அடியோடு மறைந்துபோன ஒரு நரம்புக் கருவியை இலக்கியச் சான்றுகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுத்த ஆய்வு அது. அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. நரம்பின் நீளம் எவ்வளவு குறைந்தால் சுரம் எவ்வளவு ஏறும் என்ற விகிதக் கணக்கு அவருக்குக் கைவந்தது. நூல் அரங்கேறிய சில வாரங்களில் அவர் காலமானார்.

நாலு வருடம் கழித்து, 1951இல், அதே இயற்கை விதியைக் கலிபோர்னியாவில் ஒருவர் மரப்பலகையில் இறக்கினார். லியோ பெண்டர் புல்லர்டன் நகரில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அதுவரை நடன இசைக்குழுக்களில் அடிச்சுரம் வாசித்தவர்கள் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தார்கள். அதன் கழுத்தில் சுர இடத்தைக் காட்டும் மெட்டுகள் கிடையாது. விரல் மயிரிழை பிசகினாலும் சுரம் பிசகும். மேடையில் மற்ற வாத்தியங்கள் மின்சாரத்தில் முழங்கத் தொடங்கியதும் அதன் ஓசை எடுபடவும் இல்லை. பெண்டர் செய்த பிரிசிஷன் பேஸ் என்ற மின் கிற்றார் தோளில் மாட்டக்கூடியது, நாலு தந்தி, இருபது மெட்டு. தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம்; பன்னிரண்டாவது மெட்டில் விரல் வைத்தால் அது சரிபாதியாகி ஓசை ஒரு ஸ்தாயி ஏறும். தடித்த தந்தியை விரல் வைக்காமல் தட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. சியாட்டிலில் போல் டுட்மார்க் 1930களிலேயே இப்படி ஒரு கருவியைச் செய்திருந்தார் என்றாலும், சந்தையில் நிலைத்தது பெண்டருடையதுதான்.

இந்த வாத்தியம் கல்முனையைச் சூழ்ந்த கரைவாகுப் பற்றின் முஸ்லிம் ஊர்களுக்குக் கையால் வருமுன் காதால் வந்தது. அந்த வழியைத் தொடர்ந்து போனால் கல்முனைக் கரையின் நூற்றாண்டு வாழ்க்கையில் பாதி தட்டுப்படும். கிழக்கின் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் நாட்டார் பாடலோடு நின்றுவிடுவதால் இந்தப் பாதி பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது. அது பெரிய குறை.

இங்கே கனத்த ஓசை என்றால் அது தோலிலிருந்து வந்தது. றபான் என்ற ஒருமுகப் பறைதான் அந்தக் கருவி. பக்கீர் பாவாமார் என்ற சூபித் துறவிகள் றபானைத் தட்டிப் பைத் என்னும் புகழ்ப்பாட்டுச் சொல்வார்கள். றிபாயி தரீக்காவின் றாத்திப் சடங்கு அதன் தாளத்தில்தான் சூடேறும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் பேரில் ஆண்டுதோறும் நடக்கும் கொடியேற்றக் கந்தூரிக்குச் சுற்றூர்ச் சனமெல்லாம் திரளும். பொல்லடி ஆட்டத்துக்கு அடித்தாளம் பொல்லுகளே. வயலிலும் வீட்டிலும் பாடிய கவிக்கு எந்த வாத்தியமும் இல்லை, குரல் மட்டும்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் அந்தக் கவிகளில் பல இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

தந்தி வாத்தியம் இந்த ஊர்களில் வேர்விடாததற்கு மார்க்கக் காரணமும் உண்டு. திருமணத்தில் தஃப் என்ற றபான் வகைப் பறை அடிப்பதற்கு ஹதீஸில் இடம் இருக்கிறது. நரம்புக் கருவிகளில்தான் கருத்து பிரிகிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் இசை கேட்பதைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். பறையையும் தஃபையும் அனுமதித்த அவர், மதுச் சபைகளின் அடையாளமாகிவிட்டன என்பதற்காகத் தந்திகளையும் குழல் வகை சிலவற்றையும் விலக்கினார். அவருக்கு முந்திய ஸ்பானிய அறிஞர் இப்னு ஹஸ்மோ அந்தத் தடைக்கான ஹதீஸ் அறிவிப்புகள் பலவீனமானவை என்று வாதிட்டார். கஸ்ஸாலி சார்ந்த ஷாபிஈ மத்ஹபையே பின்பற்றும் கிழக்கிலங்கையில் கஸ்ஸாலியின் சொல்லுக்கே எடை அதிகம். பின்னர் வந்த சீர்திருத்த இயக்கங்கள் றபானையும் கந்தூரியையுமே கேள்விக்குள்ளாக்கின. ஆகவே இங்கே ஓர் இளைஞன் பேஸ் கிற்றாரைத் தோளில் மாட்டுவது வீட்டிலும் பள்ளியிலும் பதில் சொல்ல வேண்டிய காரியம். அந்தக் கேள்வியை வெறும் பழமை என்று தள்ளுவது நியாயமில்லை. ஆயிரம் வருடமாக அறிஞர்கள் உண்மையாக விவாதித்துவரும் கேள்வி அது.

ஆனால் ஓசைக்கு வேலி கிடையாது. மட்டக்களப்பின் பறங்கியர் கல்யாணங்களில் வயலினோடு கப்ரிஞ்ஞா என்ற ஆட்டம் ஆடினார்கள். அதன் ஆறு எண்ணிக்கைத் தாளம் தென்னிலங்கையில் பைலாவாக வளர்ந்து, வானொலி வழியாகக் கிழக்குக்கே திரும்பி வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் அணை கட்டிச் சம்மாந்துறை, கல்முனை வயல்களுக்கு நீர் தந்தது. அணையோடு நீர்மின் நிலையமும் அம்பாறை என்ற புது நகரமும் எழுந்தன. மின்சாரம் இல்லாமல் மின் கிற்றார் வெறும் பலகை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கதையில் கல்லோயாவின் பங்கு விளங்கும்.

அதே அம்பாறையில்தான் ஈழத்துத் தமிழ் பொப் இசையின் முதல் குரல்களில் ஒன்று கேட்டது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்தார். அவருடைய ‘சின்ன மாமியே’ தமிழ் பேசும் இடமெல்லாம் பரவியது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழாக்கிய ‘சுராங்கனி’ கடலையும் தாண்டியது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைக் கையாண்டார். தெற்கில் 1966இல் உருவான மூன்ஸ்டோன்ஸ் குழுவில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்கு மின் கிற்றாரைக் கொண்டுவந்திருந்தார். மொழி எதுவானாலும், இந்தப் பாட்டுகளில் ஆட்டத்தைத் தூண்டுவது பைலாத் தாளத்தோடு சேர்ந்து குதிக்கும் அடிச்சுரம்தான்.

கருவியைச் சொந்தமாக்குவது வேறு கதை. 1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு இறக்குமதியை இறுக்கியது. வெளிநாட்டுத் துணி வராததால் மருதமுனையின் கைத்தறிகளுக்கு அது நல்ல காலம். வெளிநாட்டு வாத்தியம் வராததால் இசைக்குழுக்களுக்கு வறட்சி. 1977இல் சந்தை திறந்ததும் தராசு மறுபக்கம் சாய்ந்தது. துறைமுகத்தில் மலிவான துணியும் இறங்கியது, கிற்றாரும் இறங்கியது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கிற்றார் எட்டும் தூரத்துக்கு வந்த அதே நேரத்தில் அதை வாங்கும் காசு தறியிலிருந்து வராமல் போயிற்று.

காசு வளைகுடாவிலிருந்து வந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் உழைக்கப் போனவர்கள் திரும்பும்போது இரட்டை ஸ்பீக்கர் வைத்த கசெட் றெக்கோடரைக் கொண்டுவந்தார்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் காது மாறியது இங்கேதான். கையடக்க டிரான்சிஸ்டரின் சிறு ஸ்பீக்கரால் தாழ்ந்த அதிர்வுகளை எழுப்ப முடியாது. பாட்டின் குரலும் வயலினும் கேட்கும்; பேஸ் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். அகன்ற கூம்பு வைத்த கசெட் பெட்டியில்தான் அந்த இடம் நிரம்பியது.

அதே காலத்தில் சென்னையில் அந்த இடத்தைப் புதிதாக நிரப்பிக்கொண்டிருந்தார் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தவர், பேஸ் கிற்றாருக்குத் தாளத்தை ஒட்டி நடக்கும் வேலையை மட்டும் கொடுத்து விட்டுவிடவில்லை. பல்லவிக்கு அடியில் அது தனியாக ஒரு மெட்டைப் பாடும். குரல் ஓயும் இடத்தில் ஏறிவந்து, குரல் திரும்பும்போது விலகும். அவருக்காகப் பல்லாண்டு பேஸ் வாசித்தவர் சசிதரன். 1990களில் ஏ. ஆர். ரஹ்மானின் பதிவுகளில் கீத் பீட்டர்ஸ் அந்தப் பணியைச் செய்தார். கசெட் உறையில் பாடகர் பெயர் பெரிதாக அச்சாகும். பேஸ் வாசித்தவரின் பெயர் அரிதாகவே தென்படும். ஆனாலும் கிழக்குக் கரையில் கனத்த தந்தியின் ருசியைப் பலருக்கு ஊட்டியவை இவர்களுடைய விரல்கள்.

கருவியின் பக்கம் திரும்பினால், பழைய பாணிப் பேஸுக்கு இன்று உலகமெங்கும் உள்ள மோகத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1965 ஜனவரியில் பெண்டர் தம் நிறுவனத்தை சீ.பி.எஸ். என்ற பெரும் ஒலிபரப்புக் கம்பனிக்கு விற்றார். அதற்கு முந்திய கருவிகளே மேல் என்ற நம்பிக்கை வாசிப்பவர்களிடையே ஊன்றியது. 1982இல் ஜப்பானில் ஸ்குவயர் என்ற வணிகப் பெயரில் அந்தப் பழைய வடிவங்களை மறுபடி செய்தார்கள்; கைக்கு எட்டும் விலையில் பழைய பாணி என்ற வழக்கம் அப்போதுதான் பரவியது. டிட்ரொயிட்டின் மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த மோகத்தின் நாயகர். அவருடைய மூலதனம் இவ்வளவுதான்: 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன், ஒற்றைச் சுட்டுவிரல், அறுந்தால் ஒழிய மாற்றாத தட்டைச்சுற்றுத் தந்தி. 1983இல் அவர் மறைவதற்குச் சற்று முன் அந்தக் கருவி களவு போனது.

ஜேமர்சனுடைய ஓசையின் ரகசியம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. சாதாரணத் தந்தியில் வட்டக் கம்பி சுற்றியிருக்கும், விரல் இழுபடும்போது கீச்சிடும். தட்டைச்சுற்றில் நாடாப் போன்ற உருக்கு, வழுவழுப்பு. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை மூடும் குரோம் தகட்டின் உட்புறம் ஒரு துண்டு ஸ்பொஞ்ச் ஒட்டியிருக்கும். அது தந்தியைத் தொட்டு நாதத்தை நீளவிடாமல் அமர்த்தும். ஒரு தட்டு, ஒரு முழக்கம், உடனே அடக்கம். றபானில் உள்ளங்கை விழும் ஓசைக்கு மின் வாத்தியங்களில் இதைவிட நெருக்கமானது இல்லை.

ஆனால் பழைய பாணியை அச்சு மாறாமல் செய்த கருவி கடற்கரை வீட்டில் பராமரிப்புக் கேட்கும். உப்புக் காற்று குரோம் தகட்டில் புள்ளி விழுத்தும். ஒலியளவுத் திருகியின் உள்ளே துருவேறினால் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். மாரியில் கழுத்து மரம் ஈரம் குடித்து முன்னே வளையும், தந்தி மெட்டை விட்டு உயரும். கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து பின்வாங்கும், தந்தி மெட்டில் உரசும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கியோ தளர்த்தியோ இதைச் சரிசெய்யலாம். புதுக் கருவிகள் பலவற்றில் அதன் திருகு தலைப்பக்கம் இருக்கும், சாவி போட்டால் போதும். 1950களின் வடிவத்தில் அது கழுத்தின் அடியில், உடலோடு சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும். தந்திகளைத் தளர்த்தி, நாலு ஆணிகளைக் கழற்றி, கழுத்தைப் பிரித்தெடுத்து, கால் சுற்று திருப்பி, மறுபடி பூட்டித் தந்தி ஏற்றிப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் இன்னொரு முறை.