இப்னு ருஷ்த் எந்த மொழிபெயர்ப்பை நம்பினார்?

அரிஸ்டோட்டிலுக்குப் பெரும் உரைகள் எழுதியவர் இப்னு ருஷ்த் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அவருக்குக் கிரேக்க மொழி தெரியாது என்பதை மட்டும் பேசுவதில்லை.

அந்தலூஸின் குர்துபாவில் 1126இல் பிறந்தவர் அவர். அவரிடம் இருந்தவை, அதற்கு முன்பே பக்தாத் பக்கம் செய்யப்பட்ட அறபு மொழிபெயர்ப்புகள். ஆகவே நமக்குள்ள கேள்விதான் அவருக்கும் இருந்தது: எதை நம்பிப் படிப்பது?

'மெற்றாபிசிக்ஸ்' நூலுக்கு உரை எழுதும்போது, அல்கிந்திக்காக உஸ்தாத் என்பவர் செய்த மொழிபெயர்ப்பையே பெரும்பாலும் மூலமாக வைத்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. இஸ்ஹாக் இப்னு ஹுனைனின் மொழிபெயர்ப்பையும் பயன்படுத்தினார். வசனம் தெளிவில்லாத இடத்தில் வேறொரு மொழிபெயர்ப்பு என்ன சொல்கிறது என்று பார்த்து, அதையும் எழுதி வைத்தார். மூலமொழி தெரியாத ஒருவர் செய்யக்கூடிய மிக நேர்மையான வேலை அது.

அரிஸ்டோட்டிலின் கவிதையியல் நூலில் நிலைமை வேறு. பக்தாதின் கிறிஸ்தவ அறிஞர் அபூ பிஷ்ர் மத்தா அதைக் கிரேக்கத்திலிருந்து அல்ல, சுர்யானி மொழியிலிருந்தே அறபுக்குக் கொண்டுவந்தார். கிரேக்க நாடக மேடை அங்கே பழக்கமில்லாத ஒன்று. துன்பியல் நாடகம் 'மதீஹ்', அதாவது புகழ்ப்பாடல் ஆனது. இன்பியல் நாடகம் 'ஹிஜா', அதாவது வசைப்பாடல் ஆனது. இப்னு ருஷ்தும் அந்தச் சொற்களையே பின்பற்றி, அறபுக் கவிதைகளில் உதாரணம் தேடினார். அவ்வளவு பெரிய அறிவாளியையும் இரண்டு சொற்கள் வேறு வழியில் கொண்டுபோய் விட்டன.

கதை அங்கே முடியவில்லை. அந்த உரையை 1256இல் தொலேதோவில் ஹெர்மன் என்பவர் இலத்தீனுக்கு மாற்றினார். 1278இல் மூர்பெக்கே வில்லியம் நேரடியாகக் கிரேக்கத்திலிருந்தே மொழிபெயர்த்தார். ஆனாலும் அக்கால ஐரோப்பாவில் அதிகம் படிக்கப்பட்டது ஹெர்மனுடையதுதான். நல்லது கிடைத்தாலும் பழகியதையே மனிதர் எடுக்கிறார்கள்.

அளவையியலும், நாடகமும் அரங்கியலும் உயர்தரத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பிளேட்டோவையும் அரிஸ்டோட்டிலையும் மொழிபெயர்ப்பில்தான் சந்திக்கிறார்கள். புத்தகம் வாங்கும்போது விலையையும் அட்டையையும் மட்டும் பார்க்காமல் முதல் பக்கங்களைத் திறந்து பார்ப்போம். எந்த மொழியிலிருந்து வந்தது? கிரேக்கத்திலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா? மொழிபெயர்த்தவர் முன்னுரையோ குறிப்புகளோ எழுதியிருக்கிறாரா? ஒரு பந்தி புரியாவிட்டால், "நமக்கு மூளை இல்லை" என்று பிள்ளை மூடிவைக்க விடாதீர்கள். நூலகத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பை எடுத்து அதே பந்தியைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்னு ருஷ்த் செய்ததும் அதுதான். அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவருடைய பழக்கத்தையும் எடுத்துக்கொள்வோம்.