தாத்தாவோட எஃப்.சி. வண்டியும் கடுக்காய்க் கணக்கும்

இந்த எபிசோட் ஒரு துருப்பிடிச்ச வண்டியைப் பத்தினது. நடுவுல ஜாகீர், எமர்ஜென்சி, கடுக்காய்னு வேற எங்கெங்கயோ போவோம். கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கள்ளக்குறிச்சியில எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு புளியமரம் இருக்கு. அதுக்குக் கீழ கிட்டத்தட்ட முப்பது வருஷமா ஒரு பிக்கப் நின்னுக்கிட்டிருந்தது. மகேந்திரா எஃப்.சி. 150, 1967 மாடல். சின்ன வயசுல அது எனக்கு ஒளிஞ்சு விளையாடுற இடம், அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சித்தப்பா போன் பண்ணி, "பழைய இரும்புக்காரன் வந்திருக்கான், எடைக்குப் போட்டுடலாமா?"ன்னு கேட்டார். நான் சென்னையில ஆபீஸ்ல இருந்தேன். வேணாம்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டார். பதில் தெரியலை. "நானே ரெடி பண்றேன் சித்தப்பா"ன்னு வாய் தவறி வந்துடுச்சு.

முதல்ல இந்த வண்டி யாருன்னு பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சது. வடிவமைப்பு வில்லிஸ் கம்பெனியோடது. போர் நடந்தப்ப வாஷிங்டன்ல இந்தியாவுக்கான கொள்முதல் வேலையில இருந்தவர் கே.சி. மகேந்திரா. அவரும் அண்ணன் ஜே.சி. மகேந்திராவும் மாலிக் குலாம் முகமதுவும் 1945ல ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பேரு மகேந்திரா அண்ட் முகமது. பிரிவினைக்கு அப்புறம் குலாம் முகமது பாகிஸ்தானோட முதல் நிதி அமைச்சரானார், பின்னாடி கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948ல கம்பெனி பேர்ல 'முகமது' போய் இன்னொரு 'மகேந்திரா' வந்தது. பம்பாய் மசகான்ல வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விக்க ஆரம்பிச்சதும் அந்தக் காலம்தான்.

எஃப்.சி.ன்னா ஃபார்வர்ட் கன்ட்ரோல். டிரைவர் இன்ஜினுக்குப் பின்னாடி உட்காராம, அது மேலேயே உட்கார்றது. மூக்கு கிடையாது, மூஞ்சி தட்டை. வீல்பேஸ் சாதா சி.ஜே. 5 ஜீப்போடதுதான், 81 அங்குலம். மொத்த நீளமே சுமார் 12 அடி. ஆனா பின்னாடி தொட்டி மட்டும் ஆறடிக்கு மேல. நெருக்கமான கொண்டை ஊசி வளைவுல திருப்பணும், சுமையும் ஏத்தணும்னா இதைவிட நல்ல யோசனை அப்ப இல்லை. அமெரிக்காவுல 1957 மாடலா வந்தது, பெருசா விக்கலை, அறுபதுகளோட நடுவுல நிறுத்திட்டாங்க. அதே சமயத்துல, 1965ல, மகேந்திரா இங்க ஆரம்பிச்சாங்க.

இதை வரைஞ்சவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். 'திட்டமிட்ட வழக்கொழிவு'ங்கிற வார்த்தையை 1954ல பிரபலப்படுத்தினவரும் இவர்தான். கையில இருக்கிறது நல்லா ஓடும்போதே, புதுசு வாங்கணும்கிற ஆசையை ஜனங்களுக்கு உண்டாக்கணும்கிறது அவரோட கொள்கை. நம்ம போனை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துறோமே, அதுக்கெல்லாம் ஒரு வகையில தாத்தா. அவர் வரைஞ்ச வண்டியை எங்க தாத்தா கால் நூற்றாண்டு ஓட்டினார்.

எங்க தாத்தா மலைச்சரக்கு வியாபாரி. கடுக்காய், புளி, சாமை, தேன். மலைன்னா கல்வராயன் மலை, பழைய ஆவணங்கள்ல 'கல்ராயன்'. உங்கள்ல நிறைய பேருக்கு இந்தப் பேரு 2024 ஜூன்ல டிவியில கேட்டதாத்தான் இருக்கும். கள்ளக்குறிச்சியில விஷச்சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்துப்போன சமயம். சாராயம்னா மட்டும்தான் இந்த மலை செய்தியில வரும். அது எனக்கு ரொம்ப நாள் கோபம்.

வண்டி வேலைக்கு வருவோம். தெருமுனைப் பட்டறை அண்ணன் வந்து சுத்திப் பார்த்துட்டு, "பாப்பா, சேஸி நல்லா இருக்கு. மத்ததெல்லாம் பெயின்ட்தான் புடிச்சு வெச்சிருக்கு"ன்னார். அது உண்மை. டிரைவர் பக்கத்துத் தரையில ஸ்க்ரூடிரைவரை வெச்சு அழுத்தினா பிஸ்கட் மாதிரி உள்ள போச்சு. மண்ணு தெரிஞ்சது. கதவுக்கு அடியில, விளக்கு வளையத்தைச் சுத்தி, தொட்டியோட மூலையில, தண்ணி தேங்குற எல்லா இடத்துலயும் அரிச்சிருந்தது.

துருவை எடுக்க யூடியூப்ல எல்லாரும் சொல்ற ஒரு வழி மொலாசஸ். சர்க்கரை ஆலையில மிஞ்சுற கழிவுப்பாகு. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து பாகங்களை வாரக்கணக்கா ஊறப் போட்டா, இரும்பைத் தொடாம துருவை மட்டும் கரைச்சு இழுத்துடும். எங்க ஊரைச் சுத்தி ரெண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும். விஷயம் சுலபம்னு நினைச்சேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். தமிழ்நாட்டுல மொலாசஸ் மதுவிலக்குச் சட்டத்தோட கட்டுப்பாட்டுல இருக்கு, லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கக் கூடாது. சரி, வெல்லத்தைக் கரைச்சு ஊத்தலாம்னேன். "கள்ளக்குறிச்சியில, வீட்டுக்குப் பின்னாடி, பேரல்ல வெல்லத் தண்ணி நுரைச்சுக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு என்னம்மா?" ஊறல். போலீஸ் வந்தா நான் ஜீப் பாகம்னு விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கணும்.

அதனால சின்னப் பாகங்களுக்குப் புளி. மரத்துக்குக் கீழேயே இருந்த வண்டி, அந்த மரத்துப் புளியையே கரைச்சு ஊத்தினோம். பித்தளைப் பாத்திரம் துலக்குற அதே வேலைதான், புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். பெரிய பாகங்களுக்குப் பிளாஸ்டிக் டிரம்ல சலவை சோடா கரைச்ச தண்ணி, பேட்டரி சார்ஜர். சார்ஜரோட நெகட்டிவ் துருப்பிடிச்ச பாகத்துக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புக் கம்பிக்கு. ராத்திரி முழுக்க ஓடினா காலையில துரு கறுப்பா உதிரும். முயற்சி பண்றவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை: கம்பி எவர்சில்வரா இருக்கக் கூடாது, நச்சான குரோமியம் தண்ணியில கலக்கும். ஹைட்ரஜன் வரும், அதனால திறந்த வெளியில செய்யணும், பக்கத்துல பீடி பிடிக்கக் கூடாது. பட்டறை அண்ணனுக்கு ரெண்டாவதுதான் கஷ்டமா இருந்தது.

அரிச்சுப்போன தகடை வெட்டி எடுத்துப் பத்தை வெச்சு வெல்டிங் அடிச்சோம். அதுக்கே நாலு மாசம், மாசம் ரெண்டு சனி ஞாயிறு. விளக்கு வளையம், கதவுப் பிடி எல்லாம் சென்னை புதுப்பேட்டையில தேடினது. அதைத் தனி எபிசோடாவே பண்ணலாம்.

சீட்டைக் கழட்டினப்பதான் அந்த நோட்டு கிடைச்சது. சீட்டுக்கு அடியில தகரப் பெட்டி, அதுக்குள்ள எண்ணெய்த் துணியில சுத்தின கணக்கு நோட்டு. தாத்தா கையெழுத்து. 1972ல ஆரம்பிக்குது. ஊர்ப் பேரு, ஆள் பேரு, முன்பணம், கடுக்காய் எத்தனை மூட்டை, கழிவு எவ்வளவு. ஒரே ஆள் பேர்ல மூணு வருஷம் கடன் குறையவே இல்லை. மூட்டை மட்டும் வந்துக்கிட்டே இருக்கு.

இங்க கொஞ்சம் வரலாறு வேணும். கல்வராயன் மலையோட தென்னாற்காடு பக்கம் மூணு ஜாகீர்: ஜடய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன். அங்க வாழறவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துக் கேரளான்னு நினைச்சுடாதீங்க, மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல. காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பி கிளம்பி கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலைன்னு பிரிஞ்சாங்கங்கிறது அவங்க சொல்ற கதை. சென்னை மாகாணத்துல ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948லயே வந்தாச்சு. ஆனா இந்த மலையில ஜாகீர்தார்கள் வரி வாங்குறதும், கூலியில்லாம வேலை வாங்குறதும் அதுக்கப்புறமும் நடந்தது. எமர்ஜென்சி நேரத்துல, 1976லதான் அரசாங்கம் மலையை நேரடியா எடுத்துக்கிட்டது. அங்க சிலர் "எங்களுக்குச் சுதந்திரம் 76லதான்"னு சொல்றது கேலிக்கு இல்லை. நாடு முழுக்கக் கொத்தடிமை முறையை ஒழிச்ச அவசரச் சட்டம் வந்தது 1975 அக்டோபர்ல.

அதாவது, நோட்டு ஆரம்பிக்கும்போது மேல ஜாகீர், கீழ இருந்து வர்ற ஒரே வண்டி எங்க தாத்தாவோடது. சித்தப்பா சொல்ற கதையில தாத்தா பிரசவ வலியில இருந்த பெண்ணைத் தொட்டியில படுக்க வெச்சு ராத்திரியில கச்சிராயபாளையத்துக்கு இறக்கினவர். அது பொய்யில்லை. நோட்டும் பொய்யில்லை.

அடுத்த பிரச்சினை இன்ஜின். கம்பெனியில வந்தது ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். எழுபதுகள்ல எண்ணெய் விலை ஏறினப்ப, ஊர் உலகமே செஞ்ச மாதிரி, தாத்தா அதைக் கழட்டிட்டு சிம்சன் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜினை மாட்டினார். சென்னை செம்பியத்துல செஞ்சது. டிராக்டர் மாதிரி சத்தம், ஆனா ஏத்தத்துல இழுக்கும். பழைய வண்டி ஆர்வலர்கள் எல்லாரும் எனக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடிச்சு மாட்டுங்க. 2021 ஜூலையில மத்திய அரசு போட்ட விதிப்படி, 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டியை 'வின்டேஜ்'னு பதிவு பண்ணலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். ஆனா சேஸி, பாடி, இன்ஜின் எதையும் மாத்தியிருக்கக் கூடாது. சொந்த உபயோக வண்டியா இருக்கணும், தினசரி ஓட்டவும் கூடாது.

இந்த விதி ஏன்னு எனக்குப் புரியுது. ஆனா அது பங்களா ஷெட்டுல துணி போர்த்தி வெச்ச காருக்கு எழுதின விதி. வேலை செஞ்ச வண்டி எதுவும் அம்பது வருஷம் மாறாம இருக்காது. இந்த வண்டியே தென்னாற்காட்டுல பதிவாகி, 1993ல விழுப்புரம் ஆகி, 2019ல கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆகியிருக்கு, நின்ன இடத்துல இருந்தே. டீசல் இன்ஜினைத் தூக்கிட்டா 1967 கிடைக்கும். 1972ல இருந்து நடந்தது எல்லாம் போயிடும். நான் டீசலை விட்டுட்டேன். வின்டேஜ் நம்பர் வராது. பழைய ஆர்.சி. எப்பவோ காலாவதி. இப்போதைக்கு வண்டி எங்க வீட்டுக் காம்பவுண்டுக்குள்ள முன்னும் பின்னும் நகரும், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு இதுல இன்னும் வருத்தம்.

பெயின்ட் அடிக்கிறதுக்கு முந்தின வாரம், வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தார். மலையில எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சரோட அப்பா. நோட்டுல இருந்த ஊர்ப் பேரைப் படிச்சுக் காட்டணும்னு நான்தான் கூப்பிட்டிருந்தேன். எண்பது வயசு இருக்கும். வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். "இது வர்ற சத்தம் ரெண்டு மேடு தள்ளியே கேட்கும். உப்பு வருதுன்னு சந்தோஷமா இருக்கும். கணக்கு வருதுன்னு வயித்தைக் கலக்கும்"னார். நோட்டுல அவரோட அப்பா பேரு இருந்தது. படிச்சேன். எவ்வளவு பாக்கின்னு கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார், ஒண்ணும் சொல்லலை. தாத்தா சார்பா ஏதாவது சொல்லலாமான்னு யோசிச்சேன். எனக்கும் வரலை. ஆயா காபி கொண்டுவந்து கொடுத்தாங்க.

கிளம்புறப்ப தொட்டிக்கு மேல இருந்த வளைவுக் கம்பியைத் தொட்டு, "தராசு இங்கதான் தொங்கும்"னு ஒரு கொக்கியைக் காட்டினார். கம்பெனிக் கொக்கி இல்லை, யாரோ பத்தவெச்சது. அதை வெட்டிட்டுப் பட்டி பார்த்து மூடிடலாம்னு பட்டறை அண்ணன் அன்னிக்குக் காலையிலதான் சாக்பீஸால குறி போட்டிருந்தார். அதை அழிச்சுட்டேன்.

பெயின்ட் ஆச்சு, பழைய பச்சை. கொக்கிக்கும் சேர்த்துத்தான் அடிச்சோம். இப்போ சித்தப்பா அதுல மஞ்சப்பையை மாட்டி வைக்கிறார்.