பெனிடோர்ம்: ஒரு மீனவர் ஊர் எப்படி 'கடற்கரை மன்ஹாட்டன்' ஆனது? இந்தியர்கள் போக என்ன தேவை?

ஸ்பெயின் டிரிப் என்றதும் நம்மில் பலருக்கு உடனே ஞாபகம் வருவது 2011-ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' இந்திப் படம்தான். கோஸ்டா பிராவாவில் கடலுக்குள் டைவிங், புன்யோலில் தக்காளித் திருவிழா, பாம்ப்லோனாவில் மாடுகளுக்கு முன்னால் ஓட்டம். இந்தியாவில் விற்கப்படும் பல ஸ்பெயின் பேக்கேஜ்களில் இன்றும் அந்தப் படத்தின் சாயல் இருக்கிறது. அந்த ரூட்டில் பெனிடோர்ம் கிடையாது.

ஆனால் பிரிட்டனில் யாரிடமாவது "ஸ்பெயின் பீச்" என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வரும் பெயர்களில் இது ஒன்றாக இருக்கும். இந்த ஊரின் பெயரிலேயே ஒரு நகைச்சுவைத் தொடர் 2007 முதல் 2018 வரை பிரிட்டிஷ் டிவியில் ஓடியது. சிலருக்கு இது மலிவான பீர், சிவந்துபோன தோல், சத்தமான பார். நகரத் திட்டமிடல் படித்தவர்கள் பலருக்கு இது ஒரு பாடம். இரண்டும் உண்மைதான்.

எங்கே இருக்கிறது?

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில். இந்தக் கரைக்கு கோஸ்டா பிளாங்கா, அதாவது 'வெள்ளைக் கரை' என்று பெயர். ஊரின் மொத்தப் பரப்பு சுமார் 38 சதுர கிலோமீட்டர். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். கோடையில் தெருவில் நடப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு.

இரண்டு பெரிய கடற்கரைகள். கிழக்கே லெவாந்தே, சுமார் 2 கி.மீ. மேற்கே பொனியெந்தே, சுமார் 3 கி.மீ. சூரியன் உதிக்கும் பக்கம், மறையும் பக்கம் என்பதுதான் பெயர்களுக்கு அர்த்தம். நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் பழைய ஊர். கடலில் முக்கோண வடிவில் ஒரு குட்டித் தீவு. பின்னால் 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த புயிக் கம்பானா மலை. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலைகள் தடுத்துவிடுவதால், ஜனவரியிலும் பகல் வெப்பம் 16-17 டிகிரி வரை போகும். லண்டனில் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு அது போதாதா?

ஒரு மேயர், ஒரு வெஸ்பா, ஒரு பிகினி

1950-ல் இங்கே வசித்தவர்கள் 3,000 பேருக்கும் குறைவு. மீன்பிடித்தல், கொஞ்சம் விவசாயம். இந்த ஊர் ஆண்கள் சூரை மீன் வலைகளை இயக்கும் தலைவர்களாக மத்தியதரைக் கடலின் பல துறைமுகங்களுக்கு வேலைக்குப் போனார்கள்.

அந்த ஆண்டு மேயர் ஆனவர் பெத்ரோ சரகோசா. வயது 28. நாடு அப்போது சர்வாதிகாரி ஃபிராங்கோவின் கையில். கத்தோலிக்க திருச்சபையின் பிடியும் இறுக்கம். வெளிநாட்டுப் பெண்கள் பிகினியில் கடற்கரைக்கு வந்தால் போலீஸ் அபராதம் போடும். 1950-களின் தொடக்கத்தில் சரகோசா தன் ஊரில் பிகினிக்கு அனுமதி கொடுத்தார். திருச்சபை கொதித்தது. அவரை மதத்திலிருந்தே விலக்கும் அளவுக்குப் பேச்சு போனது. விடிகாலையில் வெஸ்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு 400 கி.மீ.க்கு மேல் ஓட்டி, மாட்ரிட்டில் ஃபிராங்கோவையே நேரில் பார்த்து ஆதரவு வாங்கி வந்தார் என்பது கதை.

இந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம் சரகோசா தானே சொன்னதுதான். எனவே கொஞ்சம் உப்புச் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். பிகினியைவிடப் பெரிய வேலையை அவர் செய்தது காகிதத்தில்.

ஏன் எல்லாக் கட்டடமும் வானத்தைப் பார்க்கிறது?

1956-ல் பெனிடோர்ம் முழு ஊருக்கும் ஒரு பொதுத் திட்டம் போட்டது. அகலமான சாலைகள், தோட்டத்துடன் தாழ்வான வீடுகள் என்பதுதான் முதல் எண்ணம். 1963-ல் அதைத் திருத்தி, கட்டட உயரத்துக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். மொத்தக் கொள்ளளவுக்கு வரம்பு இருந்தது. அதாவது, நம்ம ரியல் எஸ்டேட் பாஷையில் சொன்னால், எஃப்.எஸ்.ஐ. மாறாது, மாடிகளை எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். மேலே போகப் போக கீழே மனையில் காலி இடம் கூடும். அதில் நீச்சல் குளம், மரம், பார்க்கிங். ஒரு கட்டடம் இன்னொன்றின் வெயிலையும் கடல் காட்சியையும் முழுசாக மறைக்காது.

இப்படித்தான் ஒல்லியான கோபுரங்கள் நிறைந்த ஊர் வந்தது. தலைக்கு இத்தனை உயரக் கட்டடம் உலகில் வேறெங்கும் இல்லை என்றுகூடச் சொல்வார்கள். 2002-ல் திறந்த கிரான் ஓட்டல் பாலி 186 மீட்டர், 52 மாடி. இரட்டைக் கோபுரமாக நிற்கும் இன்டெம்போ 2007-ல் தொடங்கி, 2008 பொருளாதாரச் சரிவில் சிக்கி, 2021-ல்தான் முடிந்தது. 'லிஃப்ட் வைக்க மறந்துபோன கட்டடம்' என்று 2013-ல் உலகம் முழுக்க வைரலானது இதுதான். அந்தச் செய்தி தப்பு, லிஃப்ட் இருந்தது. ஆனால் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அழகாக இருக்கிறதா? என் கருத்தில், தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதம், கிட்டப் போனால் சுமார். ஆனால் இதே கரையில் மற்ற பல ஊர்கள் மலைச்சரிவெல்லாம் தனி வீடுகளாகப் பரவி, கடைக்குப் போகக்கூட கார் எடுக்க வேண்டிய நிலையில் இருக்கின்றன. பெனிடோர்மில் பெரும்பாலானவர்கள் ஓட்டலிலிருந்து கடலுக்கு நடந்தே போகிறார்கள். குறைந்த நிலத்தில் நிறையப் பேரை அடுக்கியதால், பக்கத்தில் இருக்கும் செர்ரா ஹெலாடா மலைமுகடு கான்கிரீட் ஆகாமல் தப்பியது. 2005 முதல் அது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா.

தண்ணீர் தீர்ந்துபோன கோடை

மழை குறைந்த பகுதி, கோடையில் வெடிக்கும் மக்கள்தொகை. விளைவு 1978-ல் தெரிந்தது. வறட்சியில் தண்ணீர் தீர்ந்து, கப்பலில் கொண்டுவர வேண்டியதானது. சுற்றுலாவே இனி இல்லை என்று பயந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்து ஒரு பொது நீர்க் கூட்டமைப்பை உருவாக்கியிருந்தன. அது செய்த ஏற்பாடு எளிமையானது. ஓட்டல்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து விவசாயிகளுக்குக் கொடுப்பது; பதிலாக விவசாயிகள் தங்கள் பங்கு அணை நீரை ஊருக்கு விட்டுக்கொடுப்பது. இங்கே அடுக்குமாடியும் உதவியது. ஒரு கோபுரத்தில் இருக்கும் நூறு குடும்பங்களுக்கு ஒரே குளம். தனி வீடு என்றால் வீட்டுக்கு ஒரு குளம், வீட்டுக்கு ஒரு புல்வெளி. குழாயும் குறைவு, கசிவும் குறைவு.

சீசன் முடிந்தால் ஊர் காலியாகிவிடாதா?

பெரும்பாலான கடற்கரை ஊர்களுக்கு இதுதான் தலைவலி. பெனிடோர்ம் தப்பித்ததற்கு முக்கியக் காரணம் ஓய்வூதியர்கள். 1985-ல் ஸ்பெயின் அரசு, மூத்த குடிமக்களுக்கு மானிய விலையில் குளிர்காலச் சுற்றுலா தொடங்கியது. இம்செர்சோ என்று பெயர். ஓட்டல் அறை நிரம்புகிறது, ஊழியர்களுக்கு ஆண்டு முழுக்க வேலை கிடைக்கிறது. எனவே டிசம்பரில் போனால் டிஸ்கோவைவிட மாலை நேர பால்ரூம் நடனம்தான் அதிகம் கண்ணில் படும்.

உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகளை வெறுக்கிறார்களா?

2024-ல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 9.4 கோடி. நாட்டின் மக்கள்தொகை சுமார் 4.9 கோடி. அந்த ஆண்டு கேனரி தீவுகள், மல்லோர்கா, மலகா, பார்சிலோனா என்று பல இடங்களில் போராட்டம் நடந்தது. பார்சிலோனாவில் உணவகத்தில் இருந்தவர்கள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கோபம் வாடகையைப் பற்றியது. நீண்டகாலத்துக்கு விட வேண்டிய ஃபிளாட்கள் நாள் வாடகைக்குப் போய்விடுகின்றன. இபிசா தீவில் ஓட்டல் வேலைக்கு வந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் வேனிலும் கூடாரத்திலும் தங்கினார்கள். பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா ஃபிளாட் உரிமங்கள் அனைத்தையும், அதாவது 10,101 உரிமங்களை, நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறது. பெனிடோர்மில் இந்தச் சூடு குறைவு. காரணம், ஊரே சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டது, படுக்கைகளில் பெரும்பங்கு ஓட்டல்களில். அதனால் தங்குவதற்கு ஓட்டலையே தேர்ந்தெடுப்பது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. ஃபிளாட்தான் வேண்டும் என்றால், இணையத்தில் விளம்பரம் செய்யும் குறுகியகால வாடகை வீடுகளுக்கு 2025 ஜூலை 1 முதல் தேசியப் பதிவு எண் கட்டாயம். எண் இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

விசா: இங்கேதான் பணம் போகும்

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த 180 நாட்களிலும் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. சேவைக் கட்டணம் தனி. ஸ்பெயினுக்கான விண்ணப்பங்களைப் பெறுவது பி.எல்.எஸ். இன்டர்நேஷனல், சென்னையிலும் மையம் இருக்கிறது.

2024-ல் இந்தியாவிலிருந்து போன ஷெங்கன் விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்குச் சற்று அதிகம். நிராகரிக்கப்பட்டவை சுமார் 1.65 லட்சம். ஏழில் ஒன்று. கட்டணம் திரும்பி வராது. தலைக்கு 80 யூரோ என்று பழைய கட்டணத்தை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டாலே 1.3 கோடி யூரோ ஆகிறது. ஆக, "விசா வந்துடும், டிக்கெட் போட்டுடலாம்" என்று ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் எடுப்பது சூதாட்டம். கேன்சல் செய்யக்கூடிய புக்கிங்கே போதும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அதிக இரவுகள் தங்கும் நாட்டுக்குத்தான். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. "அங்க ஸ்லாட் ஈஸியா கிடைக்குது" என்று வேறு நாட்டில் போட்டு, பயணத் திட்டம் பொருந்தாமல் போனால் நிராகரிப்புக்கு அதுவே காரணமாகிவிடும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். கோடைக்குப் போவதென்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கையில் பணம் எவ்வளவு என்பதற்கும் ஸ்பெயினுக்கு ஒரு கணக்கு உண்டு: அந்நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியத்தில் 10 சதவீதம், ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு. 2025-ல் அது சுமார் 118 யூரோ. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் அப்பாவிடமிருந்து வங்கிக் கணக்குக்குத் திடீரென வரும் 3 லட்சம் உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரல் முதல், கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு மல்டிபிள் விசா தரலாம். அடுத்தது ஐந்து ஆண்டு. இடிஐஏஎஸ் என்று இணையத்தில் பேசப்படும் புது அனுமதி விசா தேவையில்லாத நாட்டவர்களுக்கானது. நமக்குப் பொருந்தாது, அதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம்.

போவது எப்படி, எப்போது?

பக்கத்து விமான நிலையம் அலிகாந்தே. அங்கிருந்து சுமார் 60 கி.மீ., நேரடி பஸ் உண்டு. மாட்ரிட்டில் இறங்கினால் அலிகாந்தே வரை அதிவேக ரயில், சுமார் இரண்டரை மணி நேரம். அலிகாந்தே நகரிலிருந்து கடலோரமாகவே டிராம் போகிறது; ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும், அவசரமில்லை என்றால் அதுதான் பெஸ்ட். பார்சிலோனா மாதிரி சுற்றுலா வரி இங்கே இல்லை. வலென்சியா பகுதி அப்படி ஒரு சட்டம் இயற்றியது, நடைமுறைக்கு வரும் முன்பே ரத்து செய்துவிட்டது.

ஆகஸ்டில் போகாதீர்கள். ஸ்பெயினே விடுமுறையில் இருக்கும். மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் சரி. லெவாந்தேயின் பின்பக்கம் பிரிட்டிஷ் பார் ஏரியா, இரவு முழுக்கச் சத்தம்; தூக்கம் முக்கியம் என்றால் பொனியெந்தே பக்கம் அறை பாருங்கள். லெவாந்தே நடைபாதையில் மூன்று டப்பாக்களுக்குள் உருண்டையை ஒளித்துப் பந்தயம் கட்டச் சொல்பவர்களும், சுற்றி நின்று 'ஜெயிப்பவர்களும்' ஒரே கூட்டம்.

சாப்பாடு பயப்படும் விஷயமில்லை, இது அரிசி விளையும் பகுதி. பழைய ஊரின் சாந்தோ தொமிங்கோ தெருவில் தபாஸ் கடைகள் வரிசையாக இருக்கும். மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவு 9-க்கு மேல். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால், பன்றித்தொடை இறைச்சியான ஹமோனும் சூரை மீனும் அதில் சேராது என்று நினைக்கும் கடைக்காரர்கள் நிறைய உண்டு. 'சின் ஹமோன், சின் பெஸ்காதோ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள்.