லேபிளை நடுவில் நிறுத்துதல்

மேசைக்கணினி மென்பொருளின் சாளரத்தில் ‘பெயர்’, ‘கடவுச்சொல்’ என்று தெரிகிற சிறு எழுத்துத் துண்டுதான் லேபிள். பயனர் அதைப் படிக்கலாம், திருத்த முடியாது. அதை நடுவில் நிறுத்துவதற்கான கணக்கு ஒரே வரி: இருக்கும் இடத்தின் அகலத்திலிருந்து எழுத்தின் அகலத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 200 பிக்சல் இடத்தில் 84 பிக்சல் எழுத்து என்றால் இருபக்கமும் 58 பிக்சல் வெற்றிடம். இவ்வளவு எளிய வேலை நாற்பது ஆண்டுகளாகப் புரோகிராமர்களைப் படுத்துகிறது. எதற்கு நடு என்று கேட்டால் இரண்டு விடை வருவதே காரணம். லேபிள் என்ற பெட்டிக்குள் எழுத்து நடுவில் நிற்பது ஒன்று. அந்தப் பெட்டியே சாளரத்தின் நடுவில் நிற்பது மற்றொன்று. லேபிள், பொத்தான் போன்றவற்றைப் புரோகிராமர்களுக்கு ஆயத்தமாகத் தரும் இடைமுகக் கருவித்தொகுப்புகள் இவ்விரண்டையும் முதலில் குழப்பி, பிறகு மெல்லப் பிரித்தெடுத்தன.

ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் தலைப்பை நடுவில் அடிக்க, வண்டியைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டெழுத்துக்கு ஒருமுறை பின்னால் நகர்த்திவிட்டு அடிக்கத் தொடங்குவார்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால் எண்ணிக்கையே போதுமாக இருந்தது. 1984இல் வந்த ஆப்பிள் மேக்கின்டோஷின் திரையில் அந்த வசதி இல்லை. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறியது. ஆகவே பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா வரைகலை நூலகத்தில், ஒரு சொற்றொடரின் அகலத்தை அளந்து சொல்லத் தனிச் செயற்கூறு இருந்தது. செவ்வகமும் எழுத்தும் கொடுத்தால் வரைந்துதரும் மேக்கின்டோஷின் இன்னொரு செயற்கூற்றில் இடப்பக்கத்துக்கு 0, நடுவுக்கு 1, வலப்பக்கத்துக்கு -1. மேல்கீழ் நடுவைப் புரோகிராமரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

1985இல் முதலில் வெளியான மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலும் மேல்கீழ் நடு பின்தங்கியே நின்றது. அதன் எழுத்து வரையும் செயற்கூற்றில் செங்குத்து நடுவுக்கு ஒரு குறி உண்டு. ஆனால் எழுத்து ஒரே வரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். நிலையான லேபிளில் இன்னும் வேடிக்கை. ஒற்றை வரியை மேல்கீழாக நடுவில் நிறுத்தும் குறியின் பெயரிலேயே ‘இமேஜ்’ என்ற சொல் இருக்கிறது. படத்துக்கான குறிகளுக்கு நடுவே இதைத் தேட யாருக்குத் தோன்றும்?

இரு நடுக்களின் குழப்பம் முழுதாக வெளிப்பட்டது யூனிக்ஸ் உலகில்தான். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே கருவித்தொகுப்பு 1991இல் வெளிவந்தது. அதன் லேபிளுக்கு ‘ஆங்கர்’, ‘ஜஸ்டிஃபை’ என்று இரு பண்புகள். முன்னது எழுத்துத் தொகுதி பெட்டிக்குள் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லும். பின்னது பல வரிகள் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று எப்படி அமையும் என்பதை. ஒற்றை வரி லேபிளில் ஜஸ்டிஃபையை எப்படி மாற்றினாலும் எழுத்து அசையாது. அதைவிடப் பெரிய இடறல் ஒன்றும் உண்டு. அகலம் குறிப்பிடாத லேபிள் தன் எழுத்தின் அளவுக்கே சுருங்கிக்கொள்கிறது. சுருங்கிய பெட்டிக்குள் மிச்ச இடமே கிடையாது. அங்கே ‘நடு’ என்று கட்டளையிட்டால் நகர என்ன இருக்கிறது? பெட்டியைச் சாளரத்தின் அகலத்துக்கு நீட்டச் சொன்ன பிறகே ஆங்கருக்கு உயிர் வரும்.

ஜிடிகே என்ற கருவித்தொகுப்பு இதே பாதையை இன்னும் மெதுவாக நடந்தது. 1998இல் அதன் 1.0 பதிப்பு வந்தபோது, லேபிளுக்குள் எழுத்தின் இடத்தை 0 முதல் 1 வரையிலான பின்னம் முடிவுசெய்தது, 0.5 என்றால் நடு. ஜஸ்டிஃபை இங்கேயும் வரிகளுக்கிடையிலான சங்கதிதான். ஆவணத்தில், ‘இது லேபிளின் இடத்தைப் பாதிக்காது’ என்ற பொருளில் வரும் வாக்கியத்தின் ‘நாட்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருந்தார்கள். எத்தனை பேர் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். 2011இல் வந்த ஜிடிகே 3, பெட்டியின் இடத்தை எல்லாக் கூறுகளுக்கும் பொதுவான தனிப் பண்பாக்கியது. எழுத்தின் பின்னம் 3.16 பதிப்பில் லேபிளுக்கே சொந்தமானது.

பெட்டியை நடுவில் நிறுத்தும் கலை அச்சுக்கோப்பிலிருந்து வந்தது. டொனால்ட் க்னூத் தமது டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில், எழுத்தின் இருபுறமும் ஒரே அளவு நீளும் ‘க்ளூ’ என்ற வெற்றிடத்தை வைத்து நடுவாக்கினார். ஸ்டான்ஃபோர்டில் மார்க் லிண்டன் குழுவினர் உருவாக்கிய இன்டர்வியூஸ் கருவித்தொகுப்பு இதைச் சாளரங்களுக்குக் கொண்டுவந்தது. ஜாவாவின் ஸ்விங் தொகுப்பில் இன்றும் க்ளூ அந்தப் பெயரிலேயே உள்ளது. க்யூட்டி கருவித்தொகுப்பில் அதற்கு ‘ஸ்ட்ரெச்’ என்று பெயர். ஆனால் ஸ்விங்கில் லேபிளின் இயல்புநிலை இடப்பக்கம், பிற கூறுகளைத் தாங்கும் பெட்டியான பேனலின் இயல்புநிலை நடு. இரண்டையும் ஒரே செங்குத்து அடுக்கில் வைத்தால் ஒன்று விலகி நிற்கும்.

விஷுவல் பேசிக்கின் லேபிள் இட, வல, நடு என்ற கிடைநிலைகளோடு நின்றது. 2002இல் வந்த டாட்நெட் ஒன்பது நிலைகள் கொடுத்தது. தானே அளவெடுத்துச் சுருங்கும் வசதி இயங்கினால் அந்த ஒன்பதும் வீண். ஆப்பிள் 2011இல் மேக் ஓஎஸ் டென் லயனில் ஆட்டோ லேஅவுட்டைக் கொண்டுவந்தது. ‘இதன் நடு, அதன் நடுவுக்குச் சமம்’ என்ற சமன்பாட்டைக் கொடுத்தால் கசோவரி என்னும் தீர்வுமுறை இடத்தைக் கண்டுபிடிக்கும். பெட்டியின் நடுவைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான வழி வரவில்லை.

மேல்கீழ் நடு இன்றும் முழுதாகத் தீராததற்கு எழுத்துருவே காரணம். கருவித்தொகுப்பு நடுவாக்குவது கண்ணில் படும் எழுத்தை அல்ல. எழுத்துருவில் பதிந்துள்ள ஏற்ற, இறக்க அளவுகளைக் கூட்டிய வரியை. ‘படம்’ என்ற சொல்லில் உயரமாக எதுவும் இல்லை, புள்ளி மட்டுமே. ‘கீழ்’ என்பதில் ஈகாரச் சுழி மேலே வளைகிறது, ‘குழு’ கீழே இறங்குகிறது. மூன்றும் ஒரே அடிக்கோட்டில் நிற்பதால், தனித்தனிப் பொத்தானில் பார்த்தால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் தோன்றும்.

அகலத்திலும் தமிழுக்குத் தனிச் சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் வருகிறது. எழுத்துகளை வடிவமைத்து முடித்த பிறகே அகலம் தெரியும். குறிகளைத் தனித்தனியே அளந்து கூட்டினால் நடு தவறும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் தமிழைத் தந்தபோது அந்த வடிவமைப்பு இயங்குதளத்தின் பொறுப்பாயிற்று. ஜிடிகேயில் அதைப் பாங்கோ நூலகம் 2002 முதல் செய்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்து அகலத்தை நிலையாக வைத்த பழைய சாளரங்களில் மட்டும், மொழிபெயர்த்த தமிழ் லேபிள் நடுவில் நிற்க இடமில்லாமல் ஓரத்தில் வெட்டுப்படும்.