சொல்லுக்குள் ஒரு கயிறு

பலர் நடுவே குன்றி நிற்கும் நிலையை ஆங்கிலத்தில் ‘எம்பாரஸ்மெண்ட்’ என்கிறோம். இச்சொல் தொடக்கத்தில் வெட்கத்தைக் குறிக்கவில்லை. வழிமறிக்கும் தடையையே குறித்தது. பிரெஞ்சும் ஸ்பானியமும் கடந்து பின்னோக்கிச் சென்றால், போர்த்துக்கீசியத்தில் கயிற்றைக் குறிக்கும் ‘பராசு’ என்னும் சொல்லே இதன் வேர் என்பர் அறிஞர் பலர். சாவியையும் மேசையையும் நமக்குத் தந்த மொழி அது. நாம் வழங்கும் ‘சங்கடம்’ என்பதற்கும் வடமொழியில் இடுக்கு, நெருக்கமான வழி என்பதே முதற்பொருள்.

ஆக, ஒருவர் குன்றி நிற்குமுன் அவர் வழியை மற்றொருவர் அடைத்திருக்கிறார். விருதுநகர் வட்டாரம் இதை நன்கறியும். கோயிலுள் நுழையும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டதில் எழுந்த பூசல், 1899இல் சிவகாசியில் கலவரமாகி உயிர்களைக் குடித்தது. கமுதிக் கோயில் வழக்கில் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் கதவைத் திறக்கவில்லை. கத்தோலிக்கராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். வடக்கன்குளம் ஆலயத்துள் சாதி பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

இன்று பட்டாசு ஆலையிலிருந்து திரும்புபவரின் அலுமினியப் பொடி படிந்த கை, பேருந்தில் நம்மருகே ஒடுங்குகிறது. அக்கையைக் கட்டிய கயிற்றின் மறுமுனை யாரிடம் உள்ளது? நம்மிடமெனில், அவிழ்க்க வேண்டியவரும் நாமே.