பிரேக் இல்லாத சைக்கிளில் என்ன சுகம்?

1899 ஜூன் 30. நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் ஒரு ரயில் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பலகை பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு எஞ்சின், அதன் பின்னால் ஒரே ஒரு பெட்டி. பெட்டியின் பின்பக்கம் காற்றைத் தடுக்கக் கூண்டு மாதிரி ஒரு மறைப்பு. அந்த மறைப்புக்குள் சைக்கிளில் சார்லஸ் மர்ஃபி. ரயில் கிளம்பியது, மர்ஃபியும் மிதித்தார். ஒரு மைல் தூரத்தை 57.8 நொடியில் கடந்தார். நம் கணக்கில் மணிக்கு 100 கிலோமீட்டர்!

சாதனை முடிந்தது, சரி. நிற்பது எப்படி? சைக்கிளில் பிரேக் கிடையாது. எஞ்சின் வேகம் குறைந்ததும் மர்ஃபி நேராகப் பெட்டியின் பின்பக்கத்தில் போய் மோதினார். மேலே தயாராக நின்றவர்கள் அவரை அப்படியே சைக்கிளோடு சேர்த்துத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார்கள். பாதங்கள் பெடலோடு கட்டப்பட்டிருந்ததால் சைக்கிளும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அவருக்கு 'ஒரு நிமிட மைல் மர்ஃபி' என்றே பெயர்.

இதைப் படிக்கும் யாருக்கும் ஒரு பிரேக் மாட்டிக் கொண்டிருக்கக் கூடாதா என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்துப் பந்தய வீரரிடம் கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. பந்தய சைக்கிளுக்குப் பிரேக் அவசியமான உறுப்பு அல்ல. 

1860களில் பிரான்சில் வந்த சைக்கிள்களில் பெடல் நேராக முன் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடலைப் பிடித்து நிறுத்தினால் சக்கரமும் நிற்கும். அதாவது, காலும் ஒரு பிரேக். அடுத்து, முன்னால் ராட்சத சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரமும் வைத்த உயரமான சைக்கிள் வந்தது. அதில் முன் டயரை அழுத்துகிற கரண்டி போன்ற பிரேக் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அதை அவசரத்தில் பலமாகப் பிடித்தால் வண்டி முன்பக்கமாகக் கவிழ்ந்து, ஓட்டுபவர் அத்தனை உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவார். பந்தயத்துக்கென்று செய்த வண்டிகளில் அதைக் கழற்றியே விட்டார்கள். இறக்கத்தில் பெடல் தாறுமாறாகச் சுற்றுமே, என்ன செய்வார்கள்? இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பார் மேல் போட்டுக் கொள்வார்கள். விழுந்தாலும் தலை முதலில் விழாது, கால் முதலில் விழும் என்பது கணக்கு. என்ன ஒரு பாதுகாப்பு ஏற்பாடு பாருங்கள்!

1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுச் சக்கரம், செயின் பின் சக்கரத்துக்கு. இன்றைய சைக்கிளின் அப்பா இதுதான். இதிலும் செயினோடு சக்கரம் இறுகியே இருந்தது. இப்போது 'ஃபிக்ஸட் கியர்' என்கிறார்களே, அதே தான். 1890களின் கடைசியில் ஃப்ரீவீல் பரவியது. மிதிப்பதை நிறுத்தினாலும் 'கிர்ர்ர்' என்ற சத்தத்தோடு சக்கரம் தானே ஓடுகிற வசதி. இந்த வசதி வந்த உடனே காலுக்கும் சக்கரத்துக்கும் இருந்த பிடி விட்டுப் போனது. சும்மா இருந்தால் சக்கரம் நிற்காது, பின்னால் மிதித்தாலும் நிற்காது. எனவே நல்ல பிரேக் கட்டாயமானது. 1903ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் கம்பெனி கொண்டு வந்த டார்பிடோ ஹப்பில் ஃப்ரீவீலும், பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கும் ஒன்றாக இருந்தன. ஒரு வசதி கொடுத்தால் அதோடு ஒரு செலவும் சேர்ந்தே வரும் என்று வணிகவியல் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாலை மாறியது. பந்தயத் தளம் மட்டும் மாறவே இல்லை. வெலோட்ரோம் என்கிற அந்தச் சாய்வான வட்டத் தளத்தில் இன்று வரைக்கும் ஃபிக்ஸட் கியர்தான், பிரேக் வைக்கவே அனுமதி கிடையாது. தைரியத்தைக் காட்டுவதற்காக வைத்த விதி இல்லை இது. தளத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் போகிறார்கள். எதிரில் லாரி வராது, குறுக்கே நாய் வராது, சிக்னல் கிடையாது. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கும் பின்னால் வருபவரின் முன் சக்கரத்துக்கும் நடுவே சில அங்குலம்தான் இடைவெளி, காற்றின் தடையிலிருந்து தப்பிக்க அப்படித்தான் ஒட்டிக் கொண்டு போக வேண்டும். அந்த நிலையில் ஒருவர் மட்டும் சடாரென்று பிரேக் பிடித்தால்? பின்னால் வரும் அத்தனை பேரும் அவர் மேல் ஏறுவார்கள். பிரேக் இல்லையென்றால் யாராலும் திடீரென்று நிற்க முடியாது. அடுத்தவரும் நிற்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் மொத்தக் கூட்டமும் ஓடுகிறது. வேகம் குறைக்க வேண்டுமானால் சாய்வில் மேலே ஏறலாம், அல்லது பெடலுக்கு எதிராகக் காலால் மெல்ல அழுத்தம் கொடுக்கலாம்.

ஆக, பிரேக் இல்லாததுதான் அங்கே பாதுகாப்பு. பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அப்படித்தான்.

அதற்காக அந்தத் தளங்களில் ரத்தமே சிந்தவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1896 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயம் நடந்தது. ஆறு நாளும் இரவு பகல் பார்க்காமல் யார் அதிகத் தூரம் போகிறார்களோ அவரே வெற்றியாளர். அதில் ஓட்டியவர்களில் ஒருவர் 18 வயதுக் கறுப்பின இளைஞர் மேஜர் டெய்லர். தூக்கமில்லாமல் சுற்றிச் சுற்றி, யாரோ ஒருவன் கத்தியோடு தன்னைத் துரத்துகிறான் என்று சொல்லும் அளவுக்கு அவருக்குப் பிரமை பிடித்தது. ஆனாலும் 1,700 மைலுக்கு மேல் ஓட்டி எட்டாவது இடம் வந்தார். பார்க்க வந்த கூட்டத்துக்கு, வீரர்கள் தள்ளாடி விழுவதும் வேடிக்கையில் ஒரு பங்கு. அதன் பிறகு ஒரு வீரர் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் வந்தது. போட்டி நடத்துபவர்கள் விடுவார்களா? இரண்டிரண்டு பேராக அணி சேர்த்து மாற்றி மாற்றி ஓட வைத்தார்கள், டிக்கெட் விற்பனை நிற்கவில்லை. இன்று ஒலிம்பிக்கில் 'மேடிசன்' என்ற பெயரில் நடக்கும் போட்டி அங்கே பிறந்ததுதான்.

டெய்லர் 1899ல் மான்ட்ரியாலில் உலக சாம்பியன் ஆனார். பிரேக் இல்லாத வண்டியை விட அவருக்குப் பெரிய ஆபத்து கூட ஓட்டிய வெள்ளைக்காரர்கள்தான். வேண்டுமென்றே வழி மறிப்பார்கள், இடிப்பார்கள். 1897ல் ஒரு பந்தயம் முடிந்ததும் ஒருவர் அவர் கழுத்தையே நெரித்தார். 1932ல் சிகாகோவில் வறுமையில் இறந்து, அநாதைகளுக்கான கல்லறையில் புதைக்கப்பட்டார். 1948ல்தான் பழைய வீரர்கள் சேர்ந்து அவருக்கு மரியாதையான ஒரு இடம் கொடுத்தார்கள்.

வேகம் போதவில்லை என்று முன்னால் மோட்டார் சைக்கிளை ஓட விட்டு அதன் பின்னால் காற்று மறைவில் சைக்கிள் ஓட்டும் பந்தயமும் அந்தக் காலத்தில் வந்தது. 1903ல் பாஸ்டனில் ஹாரி எல்க்ஸ் என்ற அமெரிக்க வீரர் அப்படி ஒரு பந்தயத்தில் விழுந்து, மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். 1909 ஜூலை 18ல் பெர்லினில் புதிய தளம் ஒன்றில் முன்னால் ஓடிய மோட்டார் சைக்கிள் எகிறிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் அவர்கள்.

மோட்டார் சைக்கிள் என்றதும் ஸ்பீட்வேயையும் சொல்லிவிட வேண்டும். 500 சிசி எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது! மண் தளத்தில் நான்கு பேர் நான்கு சுற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் பின் சக்கரத்தைச் சறுக்க விட்டே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். 1920களில் ஆஸ்திரேலியாவில் சூடு பிடித்து, 1928ல் இங்கிலாந்தின் ஹை பீச்சில் பெருங்கூட்டத்தை இழுத்தது. இன்று போலந்தில் அதற்கு வெறி பிடித்த ரசிகர்கள். இதிலும் அதே நியாயம்தான், எல்லோரும் ஒரே திசை, யாராலும் சட்டென்று நிற்க முடியாது. ஆனாலும் 2012ல் போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் தளத்தில் பிரிட்டிஷ் வீரர் லீ ரிச்சர்ட்சன் தடுப்பில் மோதி உயிரிழந்தார்.

பிரேக் இல்லாத சைக்கிளை வைத்து ஒரு தொழிலையே கட்டி எழுப்பியது ஜப்பான். போரில் நொறுங்கிப் போன நகராட்சிகளுக்குப் பணம் வேண்டும். 1948ல் சட்டம் போட்டு, அந்த ஆண்டு நவம்பரில் கோகுரா நகரத்தில் கெய்ரின் என்ற சைக்கிள் சூதாட்டப் பந்தயத்தை ஆரம்பித்தார்கள். மக்கள் பந்தயம் கட்டுவார்கள், கட்டிய தொகையில் பெரும்பகுதி ஜெயித்தவர்களுக்கு, மிச்சம் உள்ளூர் நிர்வாகத்துக்கும் பொதுக் காரியங்களுக்கும். (வரியென்று கேட்டால் முகம் சுளிக்கிற ஜனங்கள், பந்தயம் என்றால் வரிசையில் நின்று கொடுப்பார்கள்!) ஒன்பது பேர் ஓடுவார்கள், எண்ணுக்கு ஒரு நிறச் சட்டை. வண்டியின் ஒவ்வொரு பாகமும் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் உயர்ந்த வண்டி இருந்தால் பந்தயம் கட்டியவர் சும்மா இருப்பாரா? 1950ல் நருவோ என்ற இடத்தில் பந்தயத்தில் ஏதோ கோளாறு என்று கொதித்த ரசிகர்கள் கலவரமே செய்து, நாடு முழுவதும் இரண்டு மாதம் கெய்ரின் நிறுத்தி வைக்கப்பட்டது. பந்தய நாட்களில் வீரர்களைத் தனியாகத் தங்க வைத்து, போனையும் வாங்கி வைத்துக் கொள்ளும் அளவுக்குக் கெடுபிடி. அங்கிருந்து வந்த கோயிச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்ப்ரின்ட் சாம்பியன். 2000 சிட்னியில் கெய்ரின் ஒலிம்பிக்குக்குள்ளும் வந்துவிட்டது.

சரி, தளத்தில் இருந்த இந்த வண்டி தெருவுக்கு எப்படி வந்தது? நியூயார்க்கில் கடிதமும் பார்சலும் கொண்டு போகிற சைக்கிள் கூரியர்கள் வழியாக. கியர் இல்லை, பிரேக் ஒயர் இல்லை, பழுதாக எதுவுமே இல்லை, திருடனுக்கும் அவ்வளவு ஆசை வராது. அப்படிக் கூரியராக இருந்த நெல்சன் வெய்ல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்ப்ரின்ட் போட்டியில் வெள்ளி வாங்கினார். பிறகு இரண்டாயிரத்துகளில் அது ஃபேஷனாக மாறியது. சான் பிரான்சிஸ்கோ, லண்டன், டோக்கியோ என்று எல்லா ஊரிலும் இளைஞர்கள் பிரேக்கைக் கழற்றினார்கள்.

அவர்கள் சொல்லும் சுகம் பொய்யில்லை. சக்கரமும் காலும் ஒன்றாகி விடுகிறது. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தொடையில் தெரிகிறது. எப்போதும் நாலு வண்டி தள்ளி என்ன நடக்கிறது என்று பார்த்துக் கொண்டே போக வேண்டியிருப்பதால் மனசு வேறு எங்கும் போவதில்லை. ஆனால் இவையெல்லாம் ஃபிக்ஸட் கியர் தருகிற சுகம். அதே வண்டியில் முன் சக்கரத்துக்கு ஒரு பிரேக் மாட்டினால் இதில் எது குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. பிரேக்கைக் கழற்றுவதால் கூடுதலாகக் கிடைப்பது பயம் மட்டும்தான், அந்தப் பயத்தைத்தான் சிலர் ஜாலி என்கிறார்கள்.

இதில் இயற்பியலும் இருக்கிறது. வண்டி வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. முன் சக்கரம் தரையை இறுகப் பிடிக்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. காலை இறுக்கிப் பின் சக்கரத்தை மட்டும் நிறுத்தினால் அது தேய்த்துக் கொண்டு போகுமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது. முன் பிரேக்கோடு 7 மீட்டரில் நிற்கிற வண்டிக்கு, அது இல்லாமல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். தளத்தில் அந்த ஏழு மீட்டர் யாருக்கும் தேவைப்படாது. தெருவில் அந்த ஏழு மீட்டருக்குள் ஒருவர் நின்றிருப்பார்.

2016 பிப்ரவரியில் லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் அப்படி ஒருவர் நின்றிருந்தார். 44 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், சாலையைக் கடந்து கொண்டிருந்தார். வந்தது முன் பிரேக் இல்லாத ஒரு தளப் பந்தய சைக்கிள், ஓட்டியவருக்கு 18 வயது. தலையில் பலத்த அடிபட்டு அந்தப் பெண் இறந்து போனார். பிரேக் இல்லாமல் ஓட்டுவது எவ்வளவு பிரமாதம் என்று விபத்துக்கு முன்பே அந்த இளைஞர் இணையத்தில் எழுதியிருந்தார். அது அரசுத் தரப்பின் கையில் சாட்சியாகப் போனது. 2017ல் கொலைக்குற்றம் அளவுக்குப் போகாத மரண வழக்கிலிருந்து விடுபட்டாலும், வேறொரு குற்றத்துக்காக 18 மாதம் தண்டனை கிடைத்தது. அந்தக் குற்றம் எழுதப்பட்டிருந்தது 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில், குதிரை வண்டிகளை மனதில் வைத்து! ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்கு முன் பிரேக் கட்டாயம் என்று பிரிட்டனில் 1983லேயே விதி இருந்தது, அதை மதிக்கத்தான் ஆளில்லை.

அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரில் 2006ல் இதே விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது. பிரேக் இல்லை என்று போலீஸ் அபராதம் போட, காலே பிரேக்தான், ஃபிக்ஸட் கியரால் சக்கரத்தை நிறுத்த முடிகிறதே என்று வக்கீல் வாதாடினார். 1870 ஆக இருந்திருந்தால் ஜெயித்திருப்பார். செயின் அறுந்தால் எப்படி நிறுத்துவீர்கள் என்ற கேள்வி வந்தது. நீதிபதி அபராதத்தை உறுதி செய்தார்.

ஜப்பானில் சட்டம் இன்னும் தெளிவு. முன் பின் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தால் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 2011ல் டிவியில் பிரபலமான ஒரு காமெடி நடிகரே பிரேக் இல்லாத சைக்கிளோடு டோக்கியோவில் போலீசிடம் மாட்டிக் கொண்டார். 2013 டிசம்பரிலிருந்து சைக்கிளை நிறுத்திப் பிரேக்கைச் சோதிக்கும் அதிகாரமும் போலீசுக்கு வந்தது.

பிரேக் இல்லாமல் 70 கிலோமீட்டர் வேகத்தில் தோளோடு தோள் இடித்துக் கொண்டு ஓட்டிச் சம்பாதிக்கிற கெய்ரின் வீரர்களும் காலையில் பயிற்சிக்காகத் தெருவுக்கு வரும்போது அதே பந்தய வண்டியில் பிரேக் மாட்டிக் கொண்டுதான் வருகிறார்கள். தளத்துக்குத் திரும்பியதும் கழற்றி வைத்து விடுவார்கள்.