வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் பாதீடும் மருதனார்மடம் சந்தையும்

உள்ளூராட்சி மன்றம் ஒன்று அடுத்த ஆண்டுக்கான தன் வரவையும் செலவையும் முன்கூட்டியே மதிப்பிட்டு, உறுப்பினர்களின் வாக்கெடுப்பால் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டம் பாதீடு எனப்படும். யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை வீதியில் இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்த மருதனார்மடம், சுன்னாகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் ஆளுகைக்கு உட்பட்டதாகும். பழைய கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1980களின் தொடக்கத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு இடம்விட்டு மறைந்தபின், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாக்கப்பட்டன. பொதுச் சுகாதாரம், பொதுவழிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகியவற்றை அச்சட்டம் அவற்றிடம் ஒப்படைத்தது.

கழிவகற்றல், வீதி விளக்கு, உள்வீதி, வடிகால், நூலகம், மயானம் போன்றவை இதன்படி சபையின் பொறுப்பாயின. ஆயினும் மருதனார்மடம் சந்தியை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், மின்விநியோகம் தனி மின்சார நிறுவனத்துக்கும் உரியனவாதலால், மக்கள் அன்றாடம் முறையிடும் குறைகள் பலவற்றைத் தீர்க்கும் அதிகாரம் அவர்கள் முதலில் நாடும் சபையிடம் இருப்பதில்லை.

சபையின் வரவைப் பார்த்தால், நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் பெரும்பகுதி அரச நிதியிலிருந்து மாகாண சபை வழியாக மீளளிக்கப்படுகிறது; காணிக் கைமாற்றத்தில் அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் அதே வழியாகவே வந்து சேர்கின்றன. சபை தானே திரட்டுவனவற்றுள் முதன்மையானது, கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியில் குறித்த வீதமாக விதிக்கப்படும் ஆதனவரி ஆகும். யாழ்ப்பாணத்தவர் சோலைவரி என அழைக்கும் இதை ஆண்டு முழுமைக்கும் ஜனவரி 31க்குள் செலுத்துவோருக்குப் பத்து வீதக் கழிவு உண்டு.

வரியைவிட உயிர்த்துடிப்புள்ள வருவாய் சந்தையிலிருந்து வருவதாகும். கடைகளையும் தீர்வை அறவிடும் உரிமையையும் கேள்விகோரல் மூலம் குத்தகைக்கு விடுவது பிரதேச சபைகளின் வழமை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் மரக்கறி கூடும் மருதனார்மடம் சந்தை, 2020 டிசம்பரில் கொவிட் கொத்தணி ஒன்றின் மையமாகி மூடப்பட்டபோது, விவசாயி, வியாபாரி, சபை ஆகிய முத்தரப்பின் வரவும் ஒன்றாகவே தடைப்பட்டது. யாழ்ப்பாணச் சந்தைகளில் விளைபொருளின் நிறையில் பத்து வீதத்தை வியாபாரிகள் கழிவாக எடுத்துக்கொள்வது, சபையின் கணக்கில் சேராமலே தோட்டக்காரரின் வருமானத்தைக் குறைக்கும் நெடுநாள் வழக்கமாகும். தன் சந்தையிலேனும் இதை ஒழிப்பது சபை ஒன்றின் முதற்கடமைகளுள் வைக்கத்தக்கது.

சபையின் தவிசாளர் முன்வைக்கும் பாதீடு தோற்றால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கப்படும். இரண்டாம் முறையும் தோற்பது பதவியையே பறிக்கக்கூடும் என்பதை, 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் இ. ஆனல்ட் பதவியிழந்தமை காட்டியது. 2023 மார்ச்சில் இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களுடைய பதவிக்காலம் முடிந்து தேர்தலும் பிற்போடப்பட்டதால், வலிகாமம் தெற்குப் பிரதேச சபையும் செயலாளரின் நிருவாகத்துக்குள் வந்தது. வரி செலுத்துவோரின் பிரதிநிதிகள் பாதீட்டை விவாதிக்கும் உரிமை, 2025 மே 6இல் நடந்த தேர்தலின் பின்னரே திரும்பியது.